இரு வீடுகளில் வளரும் குழந்தையும் ஒரு வீட்டுக்கான வரிச்சட்டமும்

வேலைக்குச் செல்லும் பெற்றோர் தம் பிள்ளையைப் பகலில் காப்பகத்திலோ பராமரிப்பாளரிடமோ விட்டுச் செல்வதற்கு ஆகும் செலவில் ஒரு பங்கை அரசு வரிவழியாக ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் வேரூன்றியுள்ளது. இச்சட்டங்களை எழுதியவர்கள் ஒரு கூரை, அதன்கீழ் ஒரு குடும்பம் என்ற அமைப்பையே பெரும்பாலும் மனத்தில் கொண்டிருந்தனர். பெற்றோர் பிரிந்து, பிள்ளை வாரத்தில் நான்கு நாள் தாயிடமும் மூன்று நாள் தந்தையிடமும் வளரும்போது அந்த அமைப்பு குலைந்துவிடுகிறது. காப்பகக் கட்டணம் இருவர் கையிலிருந்தும் போகிறது, சலுகையோ பெரும்பாலும் ஒருவர் பெயரில்தான் கிடைக்கிறது. அந்த ஒருவர் யார், எந்த அளவுகோலால் அவர் தெரிவு செய்யப்படுகிறார், மற்றவர் செய்த செலவு என்னவாகிறது என்ற வினாக்களுக்கு இந்நாடுகள் வெவ்வேறு விடைகளைக் கண்டுள்ளன.

அவ்விடைகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். குழந்தையை முன்னிட்டு அரசு தரும் உதவி இரு வகைப்படும். உணவு, உடை, இருப்பிடம் ஆகியவற்றுக்காகத் தரப்படும் வளர்ப்புதவி ஒருவகை. அது பிள்ளை வாழும் வீட்டை நோக்கிச் செல்வது. பெற்றோர் ஒருவர் வேலைக்குப் போக வேண்டியிருப்பதால் மட்டுமே எழும் பராமரிப்புச் செலவுக்கான உதவி மற்றொரு வகை. அது சம்பாதிப்பதற்காகச் செலவிட்டவரை நோக்கிச் செல்ல வேண்டியது. வளர்ப்புதவியைச் சிதறவிடாமல் ஒரே வீட்டில் சேர்ப்பதற்கு நியாயம் உண்டு. பராமரிப்புச் செலவைப் பொறுத்தவரை அந்த நியாயம் வலுவிழக்கிறது. ஏனெனில் தாய் தன் நாட்களுக்குச் செலுத்தும் கட்டணமும் தந்தை தன் நாட்களுக்குச் செலுத்தும் கட்டணமும் ஒன்றையொன்று தொடாத இரு தனிச் செலவுகள். பிரிந்த பெற்றோர் சந்திக்கும் சிக்கல்களில் பெரும்பகுதி, முதல் வகைக்காக வகுத்த விதியை இரண்டாம் வகைக்கும் அப்படியே பொருத்தியதால் விளைந்தது என்று கருத இடமுண்டு.

சொல்லாட்சி பற்றியும் ஒரு விளக்கம் தேவை. செலவான தொகையை வருமானத்திலிருந்து நீக்கிவிட்டு எஞ்சியதற்கு வரி விதிப்பது இங்கு வருமானக் கழிவு எனப்படுகிறது. கணக்கிட்டு முடித்த வரியிலிருந்தே ஒரு தொகையைக் குறைப்பது வரித் தள்ளுபடி எனப்படுகிறது. தள்ளுபடியிலும் இரு தரம் உண்டு. செலுத்தவேண்டிய வரி இல்லாதவருக்கும் பணமாகக் கையில் வருவது ஒன்று. வரி பூச்சியமாகும் இடத்தோடு நின்றுவிடுவது மற்றொன்று. பிரிந்தபின் ஒற்றை வருமானத்தில் வீடு நடத்துபவர்க்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது கீழே தெரியவரும்.

அமெரிக்கா: இரவுகளின் கணக்கு

அமெரிக்க வரலாறு ஒரு மறுப்பில் தொடங்குகிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் சென்ற ஒரு குடும்பம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணுக்குக் கொடுத்த சம்பளத்தைத் தொழிற்செலவாகக் கழித்துக்கொள்ள முயன்றபோது, 1939ஆம் ஆண்டில் வரி மேல்முறையீட்டு வாரியம் அதைத் தனிப்பட்ட குடும்பச் செலவு என்று தள்ளிவிட்டது. 1954ஆம் ஆண்டின் வரிச்சட்டம்தான் முதன்முறையாக ஆண்டுக்கு 600 டாலர் வரை கழிக்க இடங்கொடுத்தது. ஆனால் அந்த உரிமை பெண்களுக்கும் மனைவியை இழந்த ஆண்களுக்கும் மட்டுமே அளிக்கப்பட்டது. விவாகரத்துப் பெற்ற ஆணையும் உள்ளே சேர்க்க வேண்டியிருந்ததால், மனைவியை இழந்தவர் என்ற வகையிலேயே அவரையும் சட்டம் அடக்கிக்கொண்டது. மணமே செய்யாத ஆணோ வெளியே நின்றார். வயதான தாயைப் பராமரித்த அத்தகைய ஒருவருக்காக, பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க், வரி வழக்கறிஞரான தம் கணவர் மார்ட்டினுடன் சேர்ந்து வாதாடி 1972ஆம் ஆண்டில் வென்றார். பாலினச் சமத்துவத்துக்கான அவருடைய நெடும் வழக்குப் பணியின் தொடக்கத்தில் ஒரு பராமரிப்புச் செலவுக் கழிவு இருந்தது என்பது அடிக்கடி நினைவுகூரப்படாத செய்தி.

1976ஆம் ஆண்டில் இந்தக் கழிவு தள்ளுபடியாக மாறியது. இன்றைய வடிவில், 13 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பராமரிப்புக்கு ஆகும் செலவில் ஒரு பிள்ளைக்கு 3,000 டாலர், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 6,000 டாலர் என்ற உச்சவரம்புக்குள், வருமானத்துக்கேற்ற ஒரு சதவீதம் வரியிலிருந்து குறைக்கப்படுகிறது. 2003ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்த வரம்பு, கொள்ளைநோய்க் காலமாகிய 2021 என்ற ஓர் ஆண்டில் மட்டும் 8,000, 16,000 டாலர்களாக உயர்ந்து, அடுத்த ஆண்டே பழைய நிலைக்குத் திரும்பியது. காப்பகத்துக்கு ஒரு முழு ஆண்டுக்குச் செலுத்தும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் 3,000 டாலர் என்பது சில மாதங்களுக்கு மட்டுமே போதுமான தொகை.

பிரிந்த பெற்றோரில் யார் இதைக் கோரலாம் என்பதைத் தீர்மானிக்கும் விதி வேறொரு சலுகைக்காகப் பிறந்தது. பிள்ளையைச் சார்ந்திருப்பவராக யார் தம் கணக்கில் காட்டலாம் என்ற வினாவில், 1984க்கு முன்பு, பிள்ளையின் செலவில் பாதிக்குமேல் யார் கொடுத்தார் என்பது பெருமளவுக்கு அளவுகோலாக இருந்தது. முன்னாள் கணவனும் மனைவியும் ரசீதுகளைக் குவித்துக்கொண்டு வரித்துறையின் முன் வாதாடுவதும், அவர்களுக்கிடையே வரித்துறை நடுவராக அமர்வதும் வழக்கமாயின. இதிலிருந்து விடுபட அமெரிக்க நாடாளுமன்றம் 1984ஆம் ஆண்டில் அளவுகோலை மாற்றி, பிள்ளை யாருடன் அதிக காலம் வாழ்கிறதோ அவருக்கே உரிமை என்றும், அவர் கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்தால் மட்டுமே மற்றவருக்குச் சேரும் என்றும் விதித்தது. அந்த விட்டுக்கொடுப்புக்கான ஆவணம்தான் 8332ஆம் எண் படிவம். பிள்ளை அதிக காலம் உடன் வாழும் பெற்றோரை இக்கட்டுரை உடனுறை பெற்றோர் என்று குறிக்கிறது.

காலம் என்பது இங்கு இரவுகளைக் குறிக்கிறது. ஆண்டில் அதிக இரவுகள் யார் வீட்டில் பிள்ளை உறங்கியதோ அவரே உடனுறை பெற்றோர். பெற்றோர் ஊரில் இல்லாதபோதும் பிள்ளை அவர் வீட்டில் உறங்கினால் அந்த இரவு அவருக்கே சேரும். விடுமுறைப் பயணத்தில் அவருடன் எங்கே தங்கினாலும் அவ்வாறே. டிசம்பர் 31 இரவு அது தொடங்கிய ஆண்டின் கணக்கில் வைக்கப்படும். இரவு வேலை பார்ப்பவர்க்கு மட்டும் இரவுக்குப் பதிலாகப் பகல் எண்ணப்படுகிறது. மருத்துவமனைகளில் இரவுப்பணி செய்யும் செவிலியர்கள் இந்த விலக்கின்றித் தம் உரிமையை இழந்திருப்பர். சாதாரண ஆண்டில் இரவுகள் 365 என்பதால், பாதிப் பாதி என்று நீதிமன்றம் வகுத்த ஏற்பாடு கூட வரிக்கணக்கில் 183, 182 என்று ஒருபுறம் சாய்ந்துவிடுகிறது. லீப் ஆண்டில் சரிபாதியாக அமைந்துவிட்டால் வருமானம் அதிகமுள்ளவரே உடனுறை பெற்றோராகக் கொள்ளப்படுகிறார். சலுகை யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு எதிராக இந்தத் தராசு சாய்வதற்குச் சட்டம் காரணம் கூறவில்லை. சரிபார்க்க எளிதானது என்பதைத் தவிர வேறு காரணத்தைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

8332ஆம் எண் படிவம் எதைக் கைமாற்றுகிறது, எதைக் கைமாற்றுவதில்லை என்பதில்தான் பிரிந்த பெற்றோரும், அவர்களுக்கு ஒப்பந்தம் எழுதித்தரும் வழக்கறிஞர்களும்கூடத் தடுமாறுகின்றனர். 1997ஆம் ஆண்டில் தோன்றி, 2025க்குப் பிள்ளை ஒன்றுக்கு 2,200 டாலராக உள்ள குழந்தை வரித் தள்ளுபடியைப் படிவம் மற்றவருக்கு மாற்றித் தருகிறது. குறைந்த வருமான உழைப்பாளர்க்கான தள்ளுபடி, குடும்பத் தலைவர் என்ற சாதகமான வரிநிலை, பராமரிப்புச் செலவுத் தள்ளுபடி ஆகிய மூன்றும் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகும் உடனுறை பெற்றோரிடமே தங்கிவிடுகின்றன. வேலை கொடுப்பவர் வழியாகச் சம்பளத்திலிருந்து வரிவிலக்குடன் ஒதுக்கப்படும் பராமரிப்பு நிதிக்கும் இதே விதிதான். 5,000 டாலராக இருந்த அதன் ஆண்டு வரம்பு 2026 முதல் 7,500 டாலராகிறது. ஆகவே 182 இரவுகள் பிள்ளையை வைத்திருந்து, தன் வாரங்களுக்குரிய காப்பகக் கட்டணத்தைத் தானே செலுத்தும் தந்தை, முன்னாள் மனைவி எவ்வளவு தாராளமாகப் படிவங்களில் கையெழுத்திட்டாலும், அந்தக் கட்டணத்துக்காக ஒரு டாலர்கூடக் கோர இயலாது. விட்டுக்கொடுக்கும் மனம் இருந்தும் விட்டுக்கொடுக்க வழியில்லாத நிலை இது.

இரண்டு பிள்ளைகள் இருந்து, ஒருவர் தாயிடமும் மற்றவர் தந்தையிடமும் அதிக இரவுகள் தங்கினால் இருவரும் தத்தம் பிள்ளைக்கு உடனுறை பெற்றோராகிவிடுகின்றனர். இதைச் சாதகமாக்கிக்கொள்ள விரும்புவோர் உண்டு. ஆனால் இரவுகள் உண்மையாகவே அவ்வாறு கழிந்திருக்க வேண்டும், தாளில் எழுதிக்கொண்டால் போதாது.

மாநிலக் குடும்ப நீதிமன்றங்கள் ஓர் ஆண்டு தாய், மறு ஆண்டு தந்தை என்று கோரும் உரிமையை மாற்றி மாற்றி வழங்குவது உண்டு. வரித்துறையோ அந்த ஆணைக்குக் கட்டுப்பட்டதன்று. 2008க்குப் பிறகு பிறப்பிக்கப்பட்ட விவாகரத்து ஆணையின் பக்கங்களைப் படிவத்துக்குப் பதிலாக இணைக்கவும் முடியாது. ஆணை இருந்தும் மற்றவர் கையெழுத்திட மறுத்தால், கோரியவர் வரித்துறையிடம் தோற்றுவிட்டு, ஆணையை மீறியதற்காக மாநில நீதிமன்றத்தில் தனி வழக்குத் தொடுக்க வேண்டியதுதான். இருவரும் ஒரே பிள்ளையைக் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்தால், இருவருக்கும் வரித்துறையிலிருந்து கடிதம் வரும். எவரும் திருத்திக்கொள்ளாவிட்டால் தணிக்கை தொடங்கி, பள்ளிப் பதிவேடு, மருத்துவர் பதிவு முதலியவற்றால் பிள்ளை எங்கே வாழ்ந்தது என்று மெய்ப்பிக்க நேரிடும். பொறுப்பற்ற முறையில் தவறாகக் கோரியவர் குழந்தை வரித் தள்ளுபடியையும் குறைந்த வருமானத் தள்ளுபடியையும் 2 ஆண்டுகளுக்கும், மோசடியாகக் கோரியவர் 10 ஆண்டுகளுக்கும் இழக்கக்கூடும்.

விவாகரத்து இன்னும் முடியாமல் பிரிந்து மட்டும் வாழ்பவர் நிலை தனி. திருமணமானவர்கள் கூட்டுக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் பராமரிப்புத் தள்ளுபடி உண்டு என்பது பொதுவிதி. பிரிந்து போன கணவனோடு ஒரே தாளில் கையெழுத்திட விரும்பாத பெண்ணுக்கு இது கதவை அடைப்பதாகும். எனவே, ஆண்டின் கடைசி 6 மாதங்களும் துணைவர் அவர் வீட்டில் வாழாமலிருந்து, பிள்ளை பாதி ஆண்டுக்கு மேல் அந்த வீட்டில் வாழ்ந்து, வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் அவரே ஏற்றிருந்தால், அவரை மணமாகாதவராகக் கருதிச் சட்டம் வழிவிடுகிறது. ஜூலையில் சில நாட்கள் சமாதானம் ஆகித் திரும்பச் சேர்ந்து, மறுபடி பிரிந்தால் அந்த ஆண்டுக்கான வழி மூடிவிடும். மனங்கள் ஒன்றுசேர முயல்வதற்கு வரிச்சட்டம் விதிக்கும் இந்தத் தண்டனை எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று, ஆனாலும் தண்டனையே.

2025ஆம் ஆண்டு ஜூலையில் நிறைவேறிய வரிச்சட்டம், 2026 முதல் தள்ளுபடியின் உச்ச விகிதத்தை 35 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. கேட்பதற்குப் பெரிய உதவியாகத் தெரியும் இது, ஆண்டு வருமானம் 15,000 டாலர் வரை உள்ளவர்க்கே முழுமையாகப் பொருந்தும். அதற்கு மேல் படிப்படியாகக் குறைந்து 35 சதவீதத்தில் சற்றே தங்கி, 75,000 டாலரைத் தாண்டியபின் மீண்டும் குறைந்து 20 சதவீதத்தில் நிற்கும். ஆனால் குடும்பத் தலைவர் நிலையில் உள்ளவர்க்கு 2025இல் 23,625 டாலர் வரை வரியே இல்லை. தள்ளுபடியோ வரி பூச்சியமாகும் இடத்தில் நின்றுவிடும் தரத்தது. எனவே 50 சதவீதம் பெறத் தகுதியுள்ள தனித்தாய் தள்ளுபடி செய்துகொள்ள வரி இல்லாமல் வெறுங்கையுடன் நிற்கிறார்.

பிரிட்டன்: பிரிக்கக்கூடாது என்ற கொள்கை

பிரிட்டனில் வளர்ப்புதவியின் மூலம் 1945ஆம் ஆண்டின் குடும்பப் படிச் சட்டம். எலினோர் ராத்போன் நெடுங்காலம் போராடிப் பெற்ற அந்தப் படி தாயின் கையில் தரப்பட வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய கொள்கை. ஒரு பிள்ளைக்கு ஒரே கை என்ற அந்த அமைப்பு, 1970களின் பிற்பகுதியில் குழந்தைப் படியாக உருமாறியபோதும், 2003 ஏப்ரலில் வரித் தள்ளுபடிகள் என்ற பெயரில் பெரிய உதவித்திட்டம் வந்தபோதும் தொடர்ந்தது. இங்குள்ள வரித் தள்ளுபடி பெயரளவில்தான் வரியைச் சார்ந்தது. வரி செலுத்தாதவருக்கும் வங்கிக் கணக்கில் வந்துசேர்ந்தது. வேலை செய்வோர்க்கான பகுதியில் பராமரிப்புச் செலவில் 70 சதவீதம் வரை, ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு 175 பவுண்டு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 300 பவுண்டு செலவு என்ற வரம்புக்குள், ஈடுசெய்யப்பட்டது. இடையே சில ஆண்டுகள் அது 80 சதவீதமாக இருந்து, 2011இல் மீண்டும் 70க்கு இறங்கியது.

யாருக்கு என்ற வினாவில், பிள்ளைக்கு முதன்மைப் பொறுப்பு யாருடையது என்ற சோதனை வைக்கப்பட்டது. இருவரும் கோரினால் தாங்களே பேசி முடிவு செய்யலாம். இல்லாவிட்டால் அதிகாரி முடிவு செய்வார். பிரித்துக் கொடுக்க வழியில்லை. வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்ட ஒரு தந்தை இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். பிரிந்த குடும்பங்களில் குறைந்த நாட்கள் பெறுபவர் பெரும்பாலும் தந்தையாகவே இருப்பதால் விதி ஆண்களுக்கு மறைமுகமாகப் பாகுபாடு செய்கிறது என்பது அவர் தரப்பு. 2012ஆம் ஆண்டில் நீதிபதி லேடி ஹேல் எழுதிய தீர்ப்பு, பாகுபாடு இருப்பதை ஏற்றுக்கொண்டபோதிலும், குழந்தை வறுமையைக் குறைப்பதற்காகப் பணத்தை ஒரே வீட்டில் குவிப்பது அரசு எடுக்கக்கூடிய நியாயமான முடிவே என்று அவ்விதியைக் காப்பாற்றியது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், வேலைதேடுவோர் உதவியில் பிள்ளைக்கான கூடுதல் தொகை தொடர்பாக மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்தை பக்கம் தீர்ப்பளித்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கேள்வி எவ்வளவு நூலிழையில் நின்றது என்பது விளங்கும்.

லேடி ஹேலின் காரணம் வளர்ப்புதவிக்கு உறுதியாகவே பொருந்துகிறது. வறிய வீட்டில் பாதியும் மற்றொரு வறிய வீட்டில் பாதியும் தருவதைவிட ஒரு வீட்டிலாவது பிள்ளை வறுமையின்றி இருப்பது மேல் என்ற எண்ணத்தில் பொருளுண்டு. வேலைக்குப் போகும் மூன்று நாட்களுக்காகக் காப்பகத்துக்குக் கட்டிய பணத்தைப் பற்றி அந்தக் காரணம் எதையும் சொல்வதில்லை. ஆனால் 2013 முதல் பழைய தள்ளுபடிகளின் இடத்தைப் பிடித்து, 2025 ஏப்ரல் 5ஆம் தேதியோடு அவற்றை முற்றிலும் முடிவுக்குக் கொண்டுவந்த ஒருங்கிணைந்த உதவித் திட்டமான யூனிவர்சல் கிரெடிட்டும் அதே பாதையில்தான் செல்கிறது. அது பராமரிப்புச் செலவில் 85 சதவீதத்தை ஏற்கிறது. 2025-26இல் ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031.88 பவுண்டு வரை கிடைக்கக்கூடும். பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று முடிவாகிறதோ அவர் செலவு மட்டுமே ஏற்கப்படும். வாரத்தில் மூன்று நாள் தந்தையின் காப்பகக் கட்டணத்துக்கு 85 சதவீதமும் இல்லை, 5 சதவீதமும் இல்லை.

இதற்குப் புறம்பாக, வருமானம் சற்றுக் கூடியவர்க்கென 2017இல் தொடங்கிய வரியில்லாப் பராமரிப்புக் கணக்கு என்ற திட்டம் உள்ளது. பெற்றோர் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கும். பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரை, ஊனமுற்ற பிள்ளைக்கு 4,000 வரை. ஒரு பிள்ளைக்கு ஒரே கணக்கு என்பதால் இங்கும் பிரிந்தவர்கள் யார் திறப்பது என்று தங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். முடியாவிட்டால் வருவாய்த் துறை முடிவு செய்யும். ஆயினும் இத்திட்டத்தில் ஒரு நல்ல திறப்பு உண்டு: கணக்கு ஒருவர் பெயரில் இருந்தாலும் அதில் பணம் போட யாருக்கும் தடையில்லை. மற்றப் பெற்றோர் தம் பங்கை அங்கே செலுத்தினால் அரசின் சேர்ப்பு அந்தப் பணத்துக்கும் கிடைத்துவிடுகிறது. முன்னாள் துணைவரின் கணக்கில் பணம் போடும் அளவுக்கு இருவருக்குமிடையே நம்பிக்கை மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே இதன் குறை.

பிரிவை மெய்ப்பிக்கும் சுமையும் பிரிட்டனில் கடுமையாக இருந்தது. கணவன் மனைவியாகக் கோரியவர்கள் பிரிந்தவுடன் பழைய கோரிக்கை முடிந்துவிடும். ஒற்றைப் பெற்றோராகப் புதிதாகக் கோர வேண்டும். ஒற்றைப் பெற்றோர் என்று சொல்லிக்கொண்டு துணைவரோடு மறைவாக வாழ்கிறார்களா என்று கண்டறிய ஒப்பந்த நிறுவனம் ஒன்றுக்குப் பொறுப்புக் கொடுக்கப்பட்டு, அது ஆயிரக்கணக்கானோரின் உதவியைத் தவறாக நிறுத்தி, 2016இல் ஒப்பந்தத்தை இழந்தது. 1925இல் இறந்த வள்ளல் ஜோசப் ரவுன்ட்ரீயோடு ஓர் இளந்தாய் வாழ்வதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது 2016இல் நாடாளுமன்றத்தில் சுட்டிக்காட்டப்பட்டது. அந்தத் தாய் குடியிருந்தது அந்த வள்ளலின் பெயர்தாங்கிய வீட்டுவசதி அமைப்பின் வீட்டில்.

கனடாவும் ஆஸ்திரேலியாவும்

கனடா, மேலே சொன்ன இரு வகைகளையும் தனித்தனியே கையாள்வதால் இந்த ஆய்வில் முக்கிய இடம் பெறுகிறது. வளர்ப்புதவியாகிய கனடா குழந்தைப் படி 2016 ஜூலையில் தொடங்கியது. 2025-26இல் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,997 டாலர் வரை கிடைக்கும். பிள்ளை இருவரிடமும் ஏறத்தாழச் சமமாக, அதாவது ஒவ்வொருவரிடமும் குறைந்தது 40 சதவீத நேரம் வாழுமானால், ஒவ்வொருவருக்கும் அவரவர் வருமானத்தின்படி கிடைக்கக்கூடிய படியில் பாதி தரப்படும். 2011க்கு முன் இதே நிலையில் ஆறு மாதம் ஒருவருக்கு, அடுத்த ஆறு மாதம் மற்றவருக்கு என்ற சுழற்சி முறை இருந்தது. பாதியாகப் பிரிக்கும் முறை அதைவிடச் சீரானது என்பதில் ஐயமில்லை. எனினும் 40 சதவீதத்தைத் தொட்டவுடன் ஒருவருக்குப் பாதி கிடைப்பதும் 39இல் ஒன்றுமில்லாமற் போவதும் சில சனிக்கிழமைகளின் மதிப்பைத் தேவைக்கு மீறி உயர்த்திவிடுகின்றன. பிரிந்தோர் என்று கணக்கில் கொள்ளப்படுவதற்கு 90 நாள் தனித்து வாழ்ந்திருக்க வேண்டும்.

பராமரிப்புச் செலவை 1972 முதல் கனடா வருமானக் கழிவாகவே வைத்துள்ளது: 7 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 8,000 டாலர், 16 வயது வரை 5,000 டாலர் என்பன பொது வரம்புகள்; சம்பாத்தியத்தில் மூன்றில் இரு பங்கு என்ற உள்வரம்பும் உண்டு. சேர்ந்து வாழும் தம்பதியரில் வருமானம் குறைந்தவரே பொதுவாகக் கழித்துக்கொள்ள வேண்டும். டொரண்டோ வழக்கறிஞர் பெத் சைம்ஸ் தம் வீட்டுப் பராமரிப்பாளரின் சம்பளம் தொழிற்செலவு என்று வாதாடி 1993இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றதும் இந்தப் பிரிவின் மீதுதான். பிரிந்து வாழ்பவர்க்கோ விதி எளிது: செலவான வேளையில் பிள்ளை யாருடன் வாழ்ந்ததோ, யார் வேலை செய்வதற்காகச் செலவானதோ, அவர் கழித்துக்கொள்ளலாம். தாய் தன் வாரங்களுக்கும் தந்தை தன் வாரங்களுக்கும் தனித்தனியே கோருவதில் முரண்பாடு எழுவதில்லை. இரவுகளை எண்ணத் தேவையில்லை, ரசீதுகளில் பெயர் சரியாக இருந்தால் போதும். கழிவு என்பதால் அதிக வரிவிகிதத்தில் உள்ளவர்க்கே அதிகப் பயன் தருவது இம்முறையின் பலவீனம். அதை ஈடுசெய்ய ஒன்டாரியோ மாகாணம் 2019இல் குறைந்த வருமானத்தார்க்கு 75 சதவீதம் வரை தந்து, வரி இல்லாதவர்க்கும் கையில் கிடைக்கும் தள்ளுபடி ஒன்றைச் சேர்த்தது.

ஆஸ்திரேலியாவும் இதே வழியில் செல்கிறது. 2018 ஜூலையில் தொடங்கிய பராமரிப்பு மானியம் காப்பகத்துக்கே நேராகச் செல்கிறது. பிள்ளையைக் குறைந்தது 14 சதவீத நேரம், அதாவது பதினான்கு நாளில் இரண்டு இரவு, வைத்திருக்கும் எந்தப் பெற்றோரும் தம் நாட்களுக்குரிய கட்டணத்தில், தம் வருமானத்தின்படி, மானியம் பெறலாம். வளர்ப்புதவிக்கு 35 சதவீதம் என்ற உயர்ந்த வாயிலை வைத்துக்கொண்டு பராமரிப்பு மானியத்துக்கு 14 சதவீதம் என்ற தாழ்ந்த வாயிலை வைத்திருப்பது, இரண்டும் ஒன்றல்ல என்று அந்நாட்டுச் சட்டம் உணர்ந்திருப்பதற்குச் சான்று.

பாட்டியிடம் விட்ட பிள்ளை

டொரண்டோவின் ஸ்கார்பரோவிலும் லண்டனின் ஹாரோ பகுதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பெற்றோர் பிரிந்தபின் பிள்ளையை அம்மம்மாவோ அப்பம்மாவோ பார்த்துக்கொள்வது இயல்பு. பாட்டிக்குக் கொடுக்கும் பணம் பராமரிப்புச் செலவாகுமா என்பதற்கும் விடைகள் வேறுபடுகின்றன. அமெரிக்காவில், பாட்டி சம்பளம் தருபவரின் கணக்கில் சார்ந்திருப்பவராகக் காட்டப்படாதவராயின் அவருக்குத் தரும் சம்பளம் ஏற்கப்படும்; ஆனால் அவருடைய வரி அடையாள எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும், அவர் அதை வருமானமாகக் காட்டவும் வேண்டும். கனடாவில் அவர் சமூகக் காப்பீட்டு எண்ணுடன் ரசீது தர வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ பார்வையாளர் விசாவில் வந்து பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்கு இவ்வெண்கள் வாய்ப்பதில்லை. வேலை செய்ய அனுமதியும் இல்லை. பிரிட்டனில், பதிவுபெற்ற பராமரிப்பாளர்க்குத் தரும் கட்டணமே ஏற்கப்படுவதால், தம் பேரப்பிள்ளையை மட்டும் பார்க்கும் பாட்டி எவ்வகையிலும் சேரமாட்டார். உறவால் நடைபெறும் பராமரிப்பு இந்தச் சட்டங்கள் எவற்றின் கண்ணிலும் முழுமையாகப் படுவதில்லை.

ஒப்பந்தத்தில் எழுதப்படுவதும் விடுபடுவதும்

பிள்ளைக்கான ஜீவனாம்சக் கணக்கு வரிச்சலுகையோடு எங்கே சந்திக்கிறது என்பது கடைசியாகக் கவனிக்க வேண்டியது. கனடாவின் 1997ஆம் ஆண்டு வழிகாட்டு விதிகள், காப்பகக் கட்டணத்தைச் சிறப்புச் செலவாக எடுத்து, அதற்குக் கிடைக்கும் மானியத்தையும் வரிச்சலுகையையும் கழித்துவிட்டு, எஞ்சியதை இருவர் வருமான விகிதத்தில் பங்கிடச் சொல்கின்றன. பிரிட்டனின் ஜீவனாம்சக் கணக்கில் காப்பகக் கட்டணத்துக்கு இடமே இல்லை. ஆண்டுக்கு 52 இரவுகள் தங்கினால் ஏழில் ஒரு பங்கும், 104 இரவுகள் தங்கினால் ஏழில் இரு பங்கும் எனத் தொகை குறைந்துகொண்டே போவதால், இரவுகளே அங்கும் நாணயமாகின்றன.

அமெரிக்க மாநில நீதிமன்றம் காப்பகக் கட்டணத்தில் பாதியைத் தந்தை நேராகக் காப்பகத்துக்குச் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டால், அந்தப் பாதி எவருடைய தள்ளுபடிக் கணக்கிலும் சேராமல் மறைந்துவிடுகிறது: உடனுறை பெற்றோராகிய தாய் அதைச் செலுத்தவில்லை, செலுத்திய தந்தைக்கு உரிமை இல்லை. ஒப்பந்தம் எழுதுவோர் பலரும் இதைப் பொருட்படுத்தாததற்குக் காரணம், தாய் செலுத்தும் மறுபாதியே பெரும்பாலும் 3,000 டாலர் என்ற வரம்பை எட்டிவிடுவதால், விடுபட்ட தொகையால் எவர்க்கும் கணக்கில் இழப்புத் தோன்றுவதில்லை என்பதே. 2021இல் வரம்பு 8,000 டாலராக உயர்ந்த அந்த ஓர் ஆண்டில் இந்த இழப்பு வெளிப்பட வாய்ப்பிருந்தது. வரம்பு என்றைக்கு நிலையாக உயர்த்தப்படுகிறதோ அன்றைக்கு, யார் காப்பகத்துக்குப் பணம் கட்டுவது என்ற சிறிய வரி பிரிவினை ஒப்பந்தங்களில் பெரிய வாதமாகும்.